தூக்கம் வரவில்லை என்றால் முதலில் அறையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் தூக்கமின்மை பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். நல்ல விஷயம், விடாமல் படிக்கிறேன். கவலையைக் குறையுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தினமும் ஒரே நேரத்தில் படுங்கள் என்று அதில் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் அந்த மனிதர் எந்த மாதிரி அறையில் படுக்கிறார், அங்கே காற்று வருகிறதா, நள்ளிரவில் எவ்வளவு சூடு, தலைமாட்டில் எவ்வளவு வெளிச்சம் என்று யாருமே கேட்பதில்லை. தூக்கம் வராதவரின் மனதைத்தான் எல்லாரும் குடைகிறார்கள், அறையை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடுகளுக்குப் பிளான் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் முதலில் பேசுவது ஹாலைப் பற்றி. அப்புறம் சமையலறை, அப்புறம் வெளியிலிருந்து பார்த்தால் வீடு எப்படித் தெரியும் என்கிற எலிவேஷன். பெட்ரூம் என்று வரும்போது, மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் ஒரு அட்டாச்டு பாத்ரூமும் அடங்கினால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஹாலில் யாரும் ஏழெட்டு மணி நேரம் ஒரே இடத்தில் கண்ணை மூடிக் கிடப்பதில்லை. காற்று சரியில்லை என்றால் எழுந்து வெளியே போய்விடலாம், வெளிச்சம் கண்ணைக் கூசினால் திரும்பி உட்காரலாம். தூங்குகிறவரால் இதெல்லாம் முடியாது. அறை என்ன கொடுக்கிறதோ அதைத்தான் விடிய விடிய வாங்கிக்கொள்ள வேண்டும். வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இப்படிக் கழிக்கிற அறைக்கு நாம் கொடுக்கிற யோசனை இவ்வளவுதானா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் பேசுவதில்லை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 420 பிபிஎம் இருக்கிறது, அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் இறுக மூடிய சின்ன அறையில் இரண்டு பேர் படுத்தால் விடிவதற்குள் அது 2,000ஐத் தாண்டுவது சாதாரணமாக நடக்கிறது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை, இந்த அளவில் யாருக்கும் மூச்சு அடைத்துவிடாது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது என்றால் நாம் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கிறோம், அதோடு சேர்ந்து உடம்பின் ஈரமும் வாடையும் தூசியும் அறையிலேயே தங்குகின்றன என்று அர்த்தம். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதை மாணவர் விடுதி அறைகளிலேயே சோதித்துப் பார்த்து 2016இல் வெளியிட்டார்கள். காற்றோட்டம் குறைவாக இருந்தபோது அறையில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2,500 பிபிஎம் வரை இருந்தது, காற்றோட்டம் நன்றாக இருந்தபோது 800ஐ ஒட்டி அல்லது அதற்கும் கீழே. இரண்டாவது நிலையில் அதே மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள், மறுநாள் தூக்கக் கலக்கம் குறைந்தது, தர்க்க ரீதியாக யோசிக்க வேண்டிய சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். மெத்தையும் மாறவில்லை, மாத்திரையும் கொடுக்கவில்லை. காற்றுதான் மாறியது.

இங்கே ஏசியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருகிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். சுவருக்கு வெளியே ஒரு பெட்டி, உள்ளே ஒரு பெட்டி, நடுவில் குழாய் என்பதால் அப்படித் தோன்றுகிறது போலும். அந்தக் குழாயில் ஓடுவது குளிர்விக்கும் வாயு, நாம் சுவாசிக்கிற காற்று அல்ல. உள்ளே இருக்கிற பெட்டி அறைக்காற்றையே இழுத்து, குளிரவைத்து, திரும்ப அதே அறைக்குள் விடுகிறது. ஆக, குளிர்ச்சியாக இருக்கிறது என்பதால் சுத்தமாக இருக்கிறது என்று ஆகாது. அதிலும் குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கதவின் அடி இடுக்கில் துணியைச் சுருட்டி வைத்து அடைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அந்த இடுக்கு வழியாகத்தான் அந்த அறைக்குக் கொஞ்சமாவது மூச்சு வந்துகொண்டிருந்தது.

என்ன செய்யலாம்? படுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஜன்னலைத் திறந்து அறையின் காற்றை முழுதாக மாற்றிவிட்டு அப்புறம் ஏசியைப் போடலாம். கதவை ஒரு சாண் அளவு திறந்து வைக்கலாம், அப்போது அறை வீட்டின் மற்றப் பகுதிக் காற்றோடு சேர்ந்துகொள்ளும், அதுவே பெரிய வித்தியாசம். அட்டாச்டு பாத்ரூம் இருந்தால் அதன் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டுக் கதவை லேசாகத் திறந்து வைத்தால் அறையின் காற்றை அது மெதுவாக இழுத்து வெளியேற்றும், கதவு இடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். கரண்ட் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும், இல்லை என்று சொல்லவில்லை. வெளியே புகையும் தூசியுமாக இருக்கிற இடம் என்றால் எந்த நேரத்தில் குறைவாக இருக்கிறது என்று கவனித்து அப்போது திறங்கள், ராத்திரி வீட்டுக்குள் பக்கம் இருக்கிற கதவை மட்டும் திறந்து வையுங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. காற்று வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி, இரண்டும் வேண்டும். ஒரே சுவரில் பெரிய ஜன்னல் வைத்துவிட்டு எதிரே ஒன்றும் இல்லாமல் விட்டால் காற்று வாசலிலேயே நின்றுவிடும், அறைக்குள் ஓடாது. முன்பெல்லாம் ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர் இருக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் அது அந்த வழியாக வெளியே போகும், யாரும் ஒரு ஸ்விட்சும் போட வேண்டியதில்லை. இப்போது அந்த இடத்தை லாஃப்ட் பிடித்துக்கொண்டது, மிச்சம் இருந்ததை ஃபால்ஸ் சீலிங் மூடிவிட்டது. இரண்டு கண்ணாடி உள்ள ஸ்லைடிங் ஜன்னல் எப்போதும் பாதிதான் திறக்கும் என்பதையும் யோசித்துப் பாருங்கள், கதவு மாதிரித் திறக்கிற ஜன்னல் முழுதாகத் திறக்கும். பிளான் பேப்பரில் இரண்டும் ஒரே அளவுதான், ராத்திரியில் இரண்டும் ஒன்று அல்ல.

அடுத்தது சூடு. தூக்கம் நெருங்கும்போது நம் உடம்பின் உள்வெப்பம் இறங்க ஆரம்பிக்கிறது. இரவில் சுமார் 1 டிகிரி செல்சியஸ் வரை குறைந்து, விடியற்காலையில் மிகவும் தாழ்ந்து, அப்புறம் விழிப்பதற்குத் தயாராகத் திரும்ப ஏறுகிறது. அந்தச் சூட்டை உடம்பு முக்கியமாகக் கை கால்களின் தோல் வழியாக வெளியேற்றுகிறது. அறை சூடாக இருந்தால் தோல் அதை எங்கே கொண்டுபோய்த் தள்ளும்? புரண்டு புரண்டு படுக்கிறோம், போர்வையிலிருந்து காலை வெளியே நீட்டுகிறோம், தலையணையைத் திருப்பிப் போட்டுக் குளிர்ந்த பக்கம் தேடுகிறோம். மனது அலைபாய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் உடம்பு சூட்டை இறக்க இடம் தேடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, கனவு காண்கிற தூக்கத்தின்போது வியர்த்தும் நடுங்கியும் வெப்பத்தைச் சீராக வைக்கிற வேலையை மூளை பெருமளவு தளர்த்திவிடுகிறது. அந்தக் கனவுத்தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். எனவே நடு இரவுக்கு மேல் சூடு குறையாத அறையில் படுப்பவர் அந்தப் பகுதியைத்தான் அதிகம் இழக்கிறார்.

ஏன் நடு இரவுக்கு மேலும் சூடு குறையவில்லை? மேல்தளத்து அறைகளில் அதற்குக் கூரைதான் காரணம். காங்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பல மணி நேரம் கழித்துத்தான் உள்பக்கம் விடும். வெளியே காற்று குளிர்ந்த பிறகும் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூட்டைக் காற்றாடி கீழே தள்ளுகிறது என்றுதான் பலரும் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனாலும் காற்றாடியை நிறுத்தாதீர்கள், காற்று அசைந்தால்தான் வியர்வை உலரும், அதே வெப்பநிலை இரண்டு மூன்று டிகிரி குறைந்த மாதிரி உடம்புக்குத் தெரியும். சூட்டின் மூலத்தைக் கவனிக்க வேண்டும். மொட்டை மாடித் தரைக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பூச்சு அடிப்பது பெரிய பலன் தரும். மேற்கே பார்த்த ஜன்னல் என்றால் வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே வெளியே தடுக்க வேண்டும், தட்டியோ சன்ஷேடோ மரமோ ஏதோ ஒன்று. உள்ளே கனமான திரை போட்டால் வெளிச்சம் நிற்கும், ஆனால் அதற்குள் சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. சாயங்காலம் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் ஜன்னல்களைத் திறங்கள். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி வைத்து ஓட்டினால் அறைச்சூடு வெளியே போகும், இன்னொரு ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். ஃபேனை நம்மைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பதும் உதவும். வெந்நீர் உடம்பைச் சூடாக்கும் என்றுதானே தோன்றுகிறது, ஆனால் அது தோலுக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி உள்சூட்டை வெளியே இறக்கிவிடுகிறது.

சரி, வெளிச்சத்துக்கு வருகிறேன். நம் கண்ணில் பொருட்களைப் பார்க்கிற செல்களைத் தவிர, வெளியே பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் தனியாக இருக்கின்றன. அவற்றில் மெலனாப்சின் என்கிற நிறமி இருக்கிறது, நீலம் கலந்த வெளிச்சம்தான் அதை அதிகம் தூண்டும். இந்தச் செல்கள் நேரடியாக வெளிச்சத்தை உணர்கின்றன என்பது 2002இல்தான் உறுதியானது. அவை பகல் என்று சொல்லிக்கொண்டிருக்கிற வரைக்கும் தூக்கத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்துகிற மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகும். 2022இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பரிந்துரை வெளியிட்டார்கள். வெளிச்சத்தை லக்ஸ் என்கிற அலகில் அளப்பார்கள்; இந்தச் செல்களின் கணக்கில் அளந்த லக்ஸ், கண் மட்டத்தில், பகலில் குறைந்தது 250 இருக்க வேண்டும், படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10க்கு மேல் போகக் கூடாது, தூங்கும்போது 1க்கு மேல் கூடாது.

இப்போது நம் பெட்ரூம்களைப் பாருங்கள். சுவரில் 6,500 கெல்வின் வெள்ளை டியூப் (கெல்வின் எண் கூடினால் வெளிச்சத்தில் நீலம் கூடும், குறைந்தால் மஞ்சள் கூடும்), ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாக ஸ்பாட் லைட், அதில் இரண்டு சரியாகத் தலையணைக்கு நேர் மேலே. படுத்துக்கொண்டு மேலே பார்ப்பவரின் கண்ணுக்குள் அது நேராக இறங்குகிறது. நான் பிளான் கொடுக்கும்போது பெட்ரூமில் பெரிய விளக்கு ஒன்று இருக்கட்டும், தேடவும் துடைக்கவும் அது வேண்டும், ஆனால் சாயங்காலத்துக்கு மேல் பயன்படுத்த 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கு ஒன்றைச் சுவரில் தாழ்வாக, கண்ணுக்கு நேராகத் தெரியாத மாதிரி மறைத்து வையுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். கட்டிலில் இருந்தபடியே அணைக்க டூ-வே ஸ்விட்ச் ஒன்றும் வேண்டும். விளக்கை அணைக்க எழுந்து கதவு வரை போக வேண்டும் என்பதாலேயே விளக்கைப் போட்டபடி தூங்கிவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். அது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இளைஞர்கள் 20 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு குழுவை ஒரு ராத்திரி 100 லக்ஸ் விளக்கு வெளிச்சத்தில் தூங்க வைத்தார்கள். இரவில் அவர்களின் இதயத்துடிப்பு கூடியது, மறுநாள் காலையில் இன்சுலின் சரியாக வேலை செய்வதும் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஒரே ஒரு இரவுதான், ஆனால் கண்ணை மூடிவிட்டால் வெளிச்சம் ஒன்றும் செய்யாது என்று இனிமேல் சொல்ல முடியாது.

தெருவிளக்கு ஜன்னலில் அடிக்கிறது என்றால் கனமான திரைதான் வழி, ஆனால் அதே திரை காற்றையும் மறிக்கும். இந்த இழுபறிக்கு எல்லாருக்கும் பொருந்தும் தீர்வு கிடையாது. திரைக்கம்பியைச் சுவரிலிருந்து நாலைந்து அங்குலம் தள்ளி, ஜன்னலைவிட அகலமாக மாட்டினால் திரைக்குப் பின்னால் இருந்து பக்கவாட்டில் காற்று வர வழி இருக்கும். அல்லது கட்டிலின் திசையை மாற்றி விளக்கு முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். ஏசியின் எண் எரிகிற விளக்கு, மோடத்தின் பச்சைப் புள்ளி, சார்ஜரின் நீலப் புள்ளி இவற்றுக்கு ஒரு துண்டு கறுப்பு டேப் போதும். காலையில் எழுந்ததும் திரையை முழுக்க விலக்கிவிடுங்கள், பகல் வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் ராத்திரித் தூக்கம் நேரத்துக்கு வரும்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெட்ரூமுக்குள் தொடர்ந்த சத்தம் 30 டெசிபலுக்குள் இருக்க வேண்டும், திடீர்ச் சத்தம் 45ஐத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லிவிட்டது. காதுக்கு இமை கிடையாது, நாம் விழிக்காவிட்டாலும் சத்தம் கேட்டு இதயத்துடிப்பு மாறும். சத்தம் சுவரைவிட இடுக்குகள் வழியாகத்தான் அதிகம் வரும், ஜன்னல் சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை ஒட்டினாலே வித்தியாசம் தெரியும். அப்படி ஒட்டினால் காற்றுக்கு வேறு பக்கம் வழி விட மறக்காதீர்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவராக இருந்தால் நம் அறைக்குள் அந்தச் சுவர்ப் பக்கம் துணி நிறைந்த அலமாரியை வைக்கலாம். இதில் அக்கம்பக்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஏசியின் வெளிப்பெட்டியும் தண்ணீர் மோட்டாரும் யாருடைய தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன என்று ஒரு முறை பாருங்கள். இடம் குறிக்கிற அன்றைக்கு நாலடி தள்ளி வைத்தால் இன்னொரு குடும்பம் காலமெல்லாம் நிம்மதியாகத் தூங்கும்.

படுக்கையைப் பற்றிச் சொன்னால் எல்லாரும் மெத்தையின் விலையைத்தான் பேசுகிறார்கள். முதுகு வலிக்குக் கல் மாதிரிக் கட்டியாக இருந்தால்தான் நல்லது என்று ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரிடம் ஸ்பெயினில் நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், மிகக் கட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கட்டியான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. நடுவில் குழி விழுந்த மெத்தை என்றால் எந்த ரகமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையில் உள்ள உயரத்துக்குத் தலையணை வேண்டும், மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடக் குறைவு. மெத்தையைப் பற்றி இவ்வளவு போதும்.

அதைவிட முக்கியம் அந்த மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பது. தூசி உண்ணி என்று ஒரு நுண்ணிய பூச்சி, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட நீளம் கிடையாது. நம் தோலிலிருந்து உதிர்கிற செதில்தான் அதற்கு உணவு, நம் வியர்வையின் ஈரம்தான் அதற்குத் தண்ணீர். அது கடிப்பதில்லை, ஆனால் அதன் கழிவு மூச்சில் கலந்தால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் மூக்கடைப்பும் இளைப்பும் வரும். படுத்ததும் மூக்கு அடைக்கிறது, எழுந்து நடமாடினால் சரியாகிவிடுகிறது என்று சொல்கிறவர்கள் முதலில் தலையணையைச் சந்தேகப்பட வேண்டும். மூக்கடைத்துப் படுத்தால் வாய் வழியாக மூச்சு, அதனால் தொண்டை வறட்சி, அதனால் விழிப்பு என்று அது தொடர்ந்துகொண்டே போகும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தூசி உண்ணி பிழைப்பது கஷ்டம். விரிப்பையும் உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் அது செத்துவிடும், அந்த அளவு சூடு முடியாது என்றால் துவைத்து நல்ல வெயிலில் மொறுமொறுவென்று காயவையுங்கள். இன்னொரு பழக்கத்தை விட்டுவிடச் சொல்வேன். எழுந்த கையோடு படுக்கையை இழுத்துச் சுருக்கமில்லாமல் மூடிவைப்பது பார்க்க அழகுதான், ஆனால் இரவெல்லாம் உடம்பிலிருந்து இறங்கிய ஈரம் அப்படியே உள்ளே சிறைப்படும். போர்வையை விலக்கிப் போட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டுப் பல் துலக்கப் போங்கள், ஒரு மணி நேரம் கழித்து மூடிக்கொள்ளலாம்.

ஈரம் என்றதும் சுவரும் நினைவுக்கு வருகிறது. பாத்ரூமை ஒட்டிய சுவர், வெளிச்சுவரோடு ஒட்டி நிற்கிற அலமாரியின் பின்பக்கம், ஜன்னலின் கீழ் மூலை, இந்த இடங்களில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதன்மேல் பெயின்ட் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தாவிட்டால் சில மாதத்தில் பெயின்ட்டை உரித்துக்கொண்டு வெளியே வரும். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்தாலே பாதித் தொல்லை குறையும். கட்டிலுக்கு அடியில் பெட்டிகள், அலமாரிக்கு மேல் பழைய சாமான்கள் என்று பெட்ரூமைக் கிடங்காக்கி வைப்பதும் தூசிக்குக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பதுதான்.

கொசுவர்த்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றி வைத்துவிட்டுத் தூங்குவது என்னை மிகவும் கலங்க வைக்கிற விஷயம். 2003இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிகிற அளவுக்குச் சமம். கைக்குழந்தை படுத்திருக்கிற அறையிலும் இது எரிகிறது. கொசுவலை கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள், இரண்டும் காற்றையும் விட்டுக் கொசுவையும் நிறுத்தும். ஜன்னலுக்கு வலை இல்லாததால்தான் பல வீடுகளில் ஜன்னலே திறப்பதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன், எனவே இந்த ஒரு செலவு இரண்டு வேலை செய்யும். குளிர்காலத்தில் அறைக்குள் கரி மூட்டிக் குளிர் காய்ந்தபடி தூங்குவது அதைவிட ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யாதீர்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த அறையிலும் புது பிளைவுட் அலமாரி வந்த அறையிலும் அந்த வாடை போகும் வரை வேறு அறையில் படுங்கள். பிளைவுட் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்கிற கெடுதலான வாயு வெளியேறிக்கொண்டிருக்கும், அறையைத் திறந்துபோட்டு வைப்பதுதான் மருந்து, வாசனை ஸ்பிரே அடித்து மறைப்பது அல்ல. தொட்டியில் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 1989இல் நாசா ஆய்வில் அடைத்த சின்னப் பெட்டிக்குள் நடந்ததை வைத்து வந்த நம்பிக்கை அது. நிஜ அறையில் ஒரு ஜன்னல் செய்கிற வேலையை நாலைந்து தொட்டிகளால் செய்ய முடியாது. ராத்திரி செடி நம் ஆக்சிஜனைப் பறித்துவிடும் என்கிற பயத்துக்கும் இடமில்லை. பிடித்திருந்தால் ஒன்றிரண்டு வையுங்கள், கண்ணுக்கு நன்றாக இருக்கும்.

செல்போனைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டதால் சுருக்கமாக. சார்ஜ் போடுகிற பிளக் பாயின்ட்டைத் தலைமாட்டில் வைக்காமல் அறைக்கு வெளியே வைக்கச் சொல்லி என்னிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை, எல்லாரும் கட்டிலின் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள். எழுப்புவதற்குத் தனி அலாரம் கடிகாரம் வாங்கி, நேரம் தெரியாத மாதிரித் திருப்பி வையுங்கள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணக்குப் போடப் போடத் தூக்கம் தள்ளிப்போகும். ரிச்சர்ட் பூட்சின் என்கிற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 1972இல் சொன்ன யோசனை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறதுதான்: படுக்கை தூக்கத்துக்கு மட்டும், தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டு, கண் சொக்கும்போது திரும்பி வர வேண்டும். அலுவலக வேலையையும் டிவியையும் கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்ட வீடுகளில் இது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இடம் இல்லாதவர்களுக்கு இன்னும் கஷ்டம். அப்படிப்பட்டவர்கள் ஒரு நாற்காலியையாவது தனியாகப் போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து வேலை பார்ப்பதை நிறுத்தலாம்.

முழு இருட்டு எல்லாருக்கும் சரிப்படாது. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து போகிற பெரியவர்கள் இருக்கிற அறையில் இருட்டில் தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும். அவர்களுக்குக் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்கும், முழங்காலுக்குக் கீழே, மங்கலான மஞ்சள் விளக்குகள் வேண்டும், ஆள் நடந்தால் எரிந்து தானே அணைகிற ரகம் இன்னும் நல்லது. கட்டில் உயரம் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிகிற அளவு இருக்க வேண்டும், வழியில் கால்மிதி நழுவக் கூடாது. கைக்குழந்தைக்கு மெத்தென்ற படுக்கையும் தலையணையும் பொம்மையும் கூடாது, சமமான, கெட்டியான விரிப்பில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். இரவு ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவருக்கு நான் மேலே சொன்னது எல்லாமே இரண்டு மடங்கு தேவை. அவருக்கு வீட்டிலேயே மிக இருட்டான, மிகக் குளிர்ந்த அறையைக் கொடுங்கள், அது பெரிய அறையாக இருக்க வேண்டும் என்று இல்லை.

வாடகை வீட்டில் இருக்கிறோம், சுவரில் ஆணி அடிக்கக்கூட அனுமதி இல்லை, ஒரே அறையில் நாலு பேர் படுக்கிறோம் என்பவர்கள் இதையெல்லாம் படித்துப் பெருமூச்சு விடலாம். அவர்களுக்குத்தான் காற்று முக்கியம் என்று இன்னும் அழுத்திச் சொல்வேன். ஆள் கூடக் கூட அறைக்காற்று சீக்கிரம் கெடும். கதவைத் திறந்து வைப்பது, கட்டிலைச் சூடு இறங்குகிற மேற்குச் சுவரிலிருந்து நகர்த்துவது, டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பது, பல்பை மாற்றுவது, சாமான்களைக் குறைப்பது இதற்கெல்லாம் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை. காசு செலவாகிற மெத்தையும் ஏசியும் கடைசியில் வரட்டும்.

அறையைச் சரி செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. குறட்டை விடும்போது நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவருக்கு ஜன்னலைத் திறந்தால் தீராது, அவர் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரைக்கு முன்னால் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றுகிற சிகிச்சையை, கொடுங்கள் என்று அங்குள்ள மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே பரிந்துரைத்திருக்கிறது, அந்தச் சிகிச்சை பற்றியும் நீங்கள் விரிவாக எழுத வேண்டும். ஆனால் மருத்துவரிடம் போகிறவரும் ராத்திரி திரும்பி வந்து படுப்பது அதே அறையில்தான்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை தூக்கம் பற்றிக் கட்டுரை போடும்போது மருத்துவரோடு ஒரு கட்டடப் பொறியாளரையும் ஒரு எலக்ட்ரீஷியனையும் பேச வையுங்கள். வாடகைக்கோ விலைக்கோ வீடு பார்க்கிறவர்கள் பெட்ரூமில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று, ஜன்னல் எந்தத் திசை, எதிரே காற்று வெளியேற வழி உண்டா, கூரைக்கு மேல் தளம் இருக்கிறதா வெயில் அடிக்கிறதா, அந்தப் பக்கச் சுவரில் மோட்டார் ஓடுகிறதா என்பதையெல்லாம் அரைப் பக்கத்தில் போடுங்கள். உங்கள் வீடு மனை விளம்பரப் பக்கத்தில் அறையின் சதுர அடி மட்டும்தான் வருகிறது. அதே பக்கத்தில் இதற்கு இடம் ஒதுக்கினால் வீடு தேடுகிறவர்கள் கண்ணில் நேராகப் படும்.

இப்படிக்கு,
வீடுகளுக்குப் பிளான் வரையும் ஒரு வாசகர்